டெபாசிட் யார் கையில் இருக்கிறது?

"அக்கா, அடுத்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். டெபாசிட் முழுதாகத் திரும்பி வருமா?" என்று சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து குடியிருக்கிறாள்.

"யாரிடம் கொடுத்தாய்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வீட்டுக்குத்தான் கொடுத்தேன்" என்றாள்.

வீடு பணம் வாங்காது. யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதவரை, டெபாசிட் வருமா வராதா என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்கு வந்து பதினோரு ஆண்டுகளில் ஐந்து வீடுகளில் பிறரோடு பங்கு போட்டுக் குடியிருந்திருக்கிறேன். இரண்டில் முழுத் தொகையும் கிடைத்தது. இரண்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். ஒன்றில் ஒரு காசுகூட வரவில்லை. அந்த வீட்டை நான் பளிங்கு போலத் துடைத்துக் கொடுத்திருந்தேன். ஆனால் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று குடிபுகுந்த அன்று நான் கேட்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பட்டுத் தெரிந்ததையும், பட்ட பிறகு தேடிப் படித்ததையும் முதல்முறை வீடு மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்பணம் என்ற ஒரே சொல்

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. "முன்பணம்" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று வேறு வேறு பணம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களோடு வீடு பகிர்ந்தால் இன்னும் வேடிக்கை. அவர்கள் ஊரில் 'அட்வான்ஸ்' என்றால் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகை. இங்கே 'அட்வான்ஸ்' என்றால் முதல் மாத வாடகையை முன்கூட்டியே கட்டுவது. முதல் மாதம் முடிந்ததும் அது கரைந்துவிடும். கெரிஞ்சியில் என்னோடு இருந்த மதுரைக்காரத் தோழி ஒருத்தி, இரண்டு வருடம் கழித்து வீட்டுக்காரரிடம் "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நின்றாள். அவர் விழித்தார். அவள் அழுதாள். இருவர் மேலும் தப்பில்லை.

மலேசியாவில் வழக்கமான ஏற்பாட்டை '2+1' என்பார்கள். இரண்டு மாத வாடகை, பாதுகாப்பு டெபாசிட். ஒரு மாத வாடகை, முதல் மாதத்துக்கானது. இதன்மேல் மின்சாரம், தண்ணீர் பாக்கி வைத்துவிட்டுப் போனால் ஈடுகட்ட அரை மாத வாடகை யூட்டிலிட்டி டெபாசிட். வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் புக்கிங் பணம் பெரும்பாலும் அந்த முதல் மாத வாடகையில் கழிந்துவிடும். தனி அறை மட்டும் எடுப்பவர்களிடம் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ வாங்குவதும் உண்டு. நுழைவு அட்டைக்கும் சாவிக்கும் தனியாக ஒரு சிறு தொகை.

வாடகை 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு டெபாசிட் 3,000. யூட்டிலிட்டி டெபாசிட் 750. முதல் மாத வாடகை 1,500. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்று 5,250 ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டும். அதில் திரும்பி வரவேண்டியது 3,750 மட்டுமே. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 1,250. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

இத்தனை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது, இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக அரசாங்கம் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது; பேச்சாகவே இருக்கிறது. அதனால் உங்களுக்கும் பணம் வாங்கியவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தமும், அதன் பின்னால் நிற்கும் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும்தான் கதி. ஒப்பந்தத்தில் 14 நாள் என்றிருந்தால் 14 நாள், 30 நாள் என்றிருந்தால் 30 நாள். ஒன்றும் எழுதவில்லை என்றால், ஒரு தேதியைக் கேட்டு வாங்கி எழுத்தில் வைத்துக்கொள்வது உங்கள் சமர்த்து.

மூன்று விதமான கை

பங்கு வீட்டில் உங்கள் பணம் மூன்று கைகளில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது, வீட்டுக்காரரின் கை. அறைக்கென்று உங்கள் பெயரில் தனி ஒப்பந்தம், வாடகையை நேராக அவருக்கே கட்டுகிறீர்கள். பினாங்கில் சுங்கை டுவா பக்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வீட்டை அறை அறையாக விடுபவர்களிடம் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். அறைகளை நிர்வகிக்கும் கம்பெனிகளும் இந்த வகைதான். பக்கத்து அறைக்காரர் வாடகை பாக்கி வைத்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. மூன்றில் இதுதான் எளிது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்காரரின் கணக்கில் மூன்று பேர் இல்லை. ஒரே ஒரு வாடகையாளர், அவருக்கு மூன்று தலை. டெபாசிட்டும் ஒன்றே. நீங்கள் மட்டும் நடுவில் கிளம்பினால் 3,750-இல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வீடு மொத்தமாகக் காலியாகும் நாளில்தான் அது அசையும். அதுவரை உங்கள் 1,250 மற்ற இருவரோடு அந்த வீட்டிலேயே குடியிருக்கும். உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் வாங்கிக்கொண்டு போவதே நடைமுறை.

மூன்றாவது, தலைமை வாடகையாளரின் கை. ஒருவர் முழு வீட்டையும் தன் பெயரில் எடுத்து, அறைகளை உள்வாடகைக்கு விடுகிறார். நீங்கள் அவருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார். கொடுப்பதாகச் சொல்கிறார். வீட்டுக்காரரோடு உங்களுக்கு ஒப்பந்தமே இல்லாததால் அவரிடம் போய்க் கேட்க உங்களுக்கு வழியில்லை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில், வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு வரி வேறு இருக்கும்.

நான் ஒரு காசும் பெறாத வீடு இந்த வகை. ஸ்தாப்பாக்கில் ஓர் அண்ணன், நம் ஆள்தான், நல்ல மனிதர், தீபாவளிக்கு எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வருவார். 900 ரிங்கிட்டை ரொக்கமாக எண்ணி அவர் கையில் கொடுத்தேன். "ரசீது வேண்டுமா தங்கச்சி?" என்று அவரே கேட்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்றேன். எட்டாவது மாதம் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, மூன்று மாத வாடகை வரவில்லை என்றார். அண்ணனின் போன் அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "உன்னை எனக்குத் தெரியாதே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை.

ஆகவே ரொக்கம் வேண்டாம். வங்கி வழியே அனுப்புங்கள். வங்கிச் செயலியில் டூயிட்நவ் என்ற பணமாற்று வசதி வழியே அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறதே, அதில் வெறுமனே "வீடு" என்று போடாமல் "டெபாசிட், அறை 2" என்று எழுதுங்கள். பின்னால் "அது வாடகைக்கு வாங்கியது" என்று யாரும் சொல்ல முடியாது. உள்வாடகைக்குப் போகிறீர்கள் என்றால், தலைமை வாடகையாளரின் ஒப்பந்தத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் நான் இனிமேல் பணம் கொடுப்பதாக இல்லை.

நடுவில் போகிறவர், நடுவில் வருகிறவர்

கூட்டு ஒப்பந்தத்தில் பங்கு கைமாறும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சண்டையெல்லாம் இங்கேதான் முளைக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மேலே சொன்ன அதே கணக்கு. வாடகை 1,500, ஆளுக்கு 1,250 டெபாசிட். நடு அறையில் ஒரு தாதி இருந்தாள். பதினான்காம் மாதம் அவளுக்கு ஜொகூருக்கு மாற்றலாகியது. அவள் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள், தாதியிடமே 1,250 ரிங்கிட்டைக் கொடுத்தாள். கை குலுக்கினார்கள், சாவி மாறியது. எல்லாம் அழகாக முடிந்தது என்று நினைத்தோம்.

தாதி பக்தி மிகுந்தவள். அறையின் மூலையில் சுவரோடு ஒரு சாமி மேடை மாட்டி, தினமும் விளக்கேற்றிச் சூடம் காட்டுவாள். பதினான்கு மாதச் சூடப்புகை சுவரில் ஏறிக் கூரை வரைக்கும் ஒரு கறுப்பு நாக்கு போல நீண்டிருந்தது. புதிய பெண் அந்த இடத்தில் அலமாரியை நிறுத்திவிட்டாள். எங்கள் யார் கண்ணிலும் அது மறுபடி படவில்லை.

இருபத்து நான்காம் மாதம் ஒப்பந்தம் முடிந்து எல்லோரும் காலி செய்தோம். வீட்டுக்காரர் கெப்போங்கிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சன்னல் தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். தொட்டியின் அடியில் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். குளிர்பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். நடு அறைக்குப் போனார், அலமாரி எடுத்த இடத்தைப் பார்த்தார், பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அவர் கழித்தவை: அறைக்கு வண்ணமடிக்க 380, இரண்டு ஏர்கான்களைக் கழற்றிக் கழுவ 240, தொலைந்த நுழைவு அட்டைக்கு 50, கட்டாமல் நின்ற மின்சார, தண்ணீர் பாக்கி 185. மொத்தம் 855. எங்களிடம் 2,895 ரிங்கிட் வந்தது.

மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 965. வகுக்கத்தான் முடியவில்லை. "நான் விளக்கே ஏற்றியதில்லை, சுவருக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றாள் புதியவள். அவள் கேட்பது நியாயம். ஆனால் வீட்டுக்காரருக்கு அவள்தான் இப்போதைய மூன்றாவது தலை. தாதியோ முழு 1,250-ஐயும் வாங்கிக்கொண்டு ஜொகூரில் இருக்கிறாள். ஒருவரின் பங்கை வாங்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் கறையையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பது அன்றுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது.

கடைசியில் தாதிக்குப் படத்தை அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து 200 ரிங்கிட் போட்டுவிட்டாள், மன்னிப்பும் கேட்டாள். மீதி 180-ஐ மூன்றாகப் பிரித்தோம். பாக்கிப் பில்லையும் மூன்றாகப் பிரித்தோம். ஏர்கான் எந்த அறையில் இருந்ததோ அந்த அறைக்காரர்கள் ஆளுக்கு 120. அட்டையைத் தொலைத்தவள் 50. இப்படிப் பிரித்ததில் சட்டம் ஒன்றுமில்லை. ஒரு மாலை முழுவதும் தே தாரிக் குடித்துக்கொண்டே போட்ட சமரசம்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வீடே காலியாவது போல ஒரு சின்னச் சோதனை நடத்துவது. போகிறவர், வருகிறவர், இருக்கிறவர்களில் ஒருவர் என மூன்று பேரும் அறைக்குள் நின்று படம் எடுங்கள். அலமாரிக்குப் பின்னாலும் எடுங்கள். சேதம் இருந்தால் வருகிறவர் 1,250-க்குப் பதில் 1,000 கொடுக்கட்டும்; மீதியை வீடு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம். பெயர் மாறியதை வீட்டுக்காரருக்கு ஒரு செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்வது அதைவிட முக்கியம். ஒப்பந்தத்தில் பழையவரின் பெயரே தொடர்ந்தால், கடைசியில் காசோலை அந்தப் பெயருக்குப் போகலாம். ஒரு நண்பரின் வீட்டில் அப்படிப் போனது. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பழைய வீட்டுத்தோழரிடம் அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தேய்மானமும் சேதமும்

எதையெல்லாம் டெபாசிட்டில் கழிக்கலாம்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் "வழக்கமான தேய்மானம் நீங்கலாக" என்று ஒரு சொற்றொடர் இருக்கும். மனிதர்கள் சாதாரணமாகக் குடியிருந்தால் எது நடக்குமோ அது தேய்மானம். வெயில் பட்டு வெளுத்த திரை, நடந்து மங்கிய தரை, காலப்போக்கில் பழுத்த வண்ணம். கவனக்குறைவால் நடந்தது சேதம். உடைந்த கண்ணாடி, சிகரெட் சுட்ட மெத்தை, அடைத்துக்கொண்ட கழிவறை.

நடுவில் ஒரு சாம்பல் நிலம் இருக்கிறது. அதில் பாதி நம் சமையலறையிலேயே இருக்கிறது. தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், மஞ்சள் ஏறிய டைல்ஸ் இடுக்கு. 'இந்தியர்களுக்கு வீடு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் காரணமாகக் காட்டுவதும் இதைத்தான். அந்த அநியாயம் தனிக் கட்டுரைக்கு உரியது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் அலுமினியத் தகடு ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை கழற்றி மாற்றுங்கள். சாமி மேடைக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டோ தகடோ வைத்தால் கூரை கறுக்காது. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஏர்கானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த ஊரில் டெபாசிட் கழிவுகளில் நான் அதிகம் கேள்விப்பட்டது அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ வாடகையாளரே சர்வீஸ் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். செய்தோம் என்று சொன்னால் போதாது, பில் வேண்டும். பில்லைப் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெப்பநீர்க் கருவி பழசாகிச் செத்துப்போனால் அது அவர் பாடு. ஆனால் செத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கேட்டால் பேரம் பேசலாம். ஐந்து வருடப் பழைய மெத்தையில் நீங்கள் காபி கொட்டிவிட்டீர்கள் என்பதற்காகக் கடையிலிருந்து புது மெத்தை வாங்கித் தர வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. வீட்டுக்காரரிடம் போய்ப் பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். "அங்கள், ரசீது காட்டுங்கள், பாதி நாங்கள் தருகிறோம்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் இறங்கி வருவார்கள். இது புள்ளிவிவரம் இல்லை, என் அனுபவம்.

மேலே சொன்னதெல்லாம் குடிபுகுந்த வாரத்தில் எடுத்த படங்கள் இருந்தால்தான் செல்லும். ஏற்கெனவே இருந்த விரிசல், ஓட்டை, கறை எல்லாவற்றையும் படம் எடுத்து முதல் வாரமே வீட்டுக்காரருக்கோ ஏஜென்ட்டுக்கோ அனுப்புங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கும் படத்தைவிட அவருக்கு அனுப்பிய படத்துக்கு மதிப்பு அதிகம். அதில் தேதி தானாக விழுந்திருக்கும்.

கடைசி மாத வாடகை

"கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்." எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இது. பணம் திரும்ப வராது என்ற பயத்தில் நானும் ஒருமுறை செய்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிறீர்கள். பங்கு வீட்டில் இது இன்னும் மோசம். நீங்கள் கட்டாத வாடகை எல்லோருடைய டெபாசிட்டிலிருந்தும் போகிறது. உங்கள் 1,250-ஐத் தாண்டினால் அடுத்தவரின் பங்கைத் தின்கிறீர்கள். மூவரும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் பேசி, அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.

"டெபாசிட்டைக் கொடுத்தால்தான் சாவி தருவேன்" என்று உட்கார்ந்துகொள்வதும் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 28ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. மறுபக்கம், வீட்டுக்காரரும் உங்கள் சாமான்களை வெளியே எறிந்து பூட்டை மாற்ற முடியாது; குறித்த நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7ஆம் பிரிவின்படி வாடகையாளரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். இரண்டு பக்கமும் கத்தி இருக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போகிறீர்கள் என்றால் டெபாசிட் பறிபோகும் என்று எழுதியிருப்பது வழக்கம். அங்கே உங்கள் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு, உங்களுக்குப் பதில் ஒரு நல்ல ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது. ஒரு நாள்கூட அறை காலியாக இருக்கவில்லை என்றால், இழப்பு என்ன என்று வீட்டுக்காரரால் சொல்ல முடியாது. நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா என்று பார்த்து, வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

மின்சாரப் பில்

யூட்டிலிட்டி டெபாசிட் தாமதமாக வருவதில் பெரும்பாலும் சூது இல்லை. நீங்கள் இருந்த கடைசி மாதத்தின் மின்சாரப் பில் நீங்கள் போன பிறகுதான் வரும். அதனால் வீட்டுக்காரர் பாதுகாப்பு டெபாசிட்டை முதலிலும் இதைப் பின்னாலும் கொடுப்பது நியாயமே. சாவி கொடுக்கும் நாளில் மின்மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுங்கள். அடுத்தவர் ஏர்கானைப் போட்டுவிட்டுத் தூங்கிய கணக்கு உங்கள் தலையில் விழாது.

மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் கணக்கு உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தால் கதை வேறு. அந்தக் கணக்கைத் திறக்கும்போது தெனாகாவிடமே ஒரு டெபாசிட் கட்டியிருப்பீர்கள். அதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. கணக்கை மூடி, கடைசிப் பில் போக மீதியைத் தெனாகாவிடமிருந்துதான் வாங்க வேண்டும். கணக்கை மூடாமல் ஊருக்குப் போய்விட்டால், அடுத்த குடும்பத்தின் பில் உங்கள் பெயரில் வந்துகொண்டே இருக்கும். தண்ணீருக்கும் அப்படியே, கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் பினாங்கு நீர் விநியோகக் கழகம். கழிவுநீர்க் கட்டணத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள், வீட்டுக்காரர் மறக்க மாட்டார்.

கொடுக்காவிட்டால்

முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள், மரியாதையாக, தேதியோடு. எப்போது சாவி கொடுத்தீர்கள், எவ்வளவு தொகை, ஒப்பந்தப்படி எந்த நாளில் வர வேண்டும், எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கழிப்பதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். கோபத்தில் எழுதிய செய்தி பின்னால் நீதிபதி முன்னால் வாசிக்கப்படலாம் என்பதை நினைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக்கி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது. முகப்பில் 'துந்துத்தான் கெச்சில்' என்று கேட்டால் தெரியும். 5,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம். பங்கு வீட்டு டெபாசிட் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். எதிர்த்தரப்பும் அப்படித்தான் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. படிவம் 198-ஐ மலாய் மொழியில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் முத்திரையிட்டுத் திருப்பித் தந்ததும் அதை எதிர்த்தரப்புக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் 14 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கோலாலம்பூரில் இது ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் நடக்கும். சாலைக்குப் பெயர் மாறி ஆண்டுகள் ஆகியும் டாக்சிக்காரர்களுக்கு அது ஜாலான் டூத்தாதான். வீட்டுக்காரர் மேல் மட்டுமல்ல, பங்கைத் தராமல் போன வீட்டுத்தோழர் மேலும் இதே வழக்கைப் போடலாம். ஒப்பந்தப் பணத்தைக் கேட்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

அங்கே போய் நின்றதும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை, அதாவது அரசாங்கத்துக்குக் கட்டும் ஸ்டாம்ப் வரி, கட்டியிருக்கிறதா என்பது. கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 2025 ஜனவரி முதல், ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் தீர்வை. 600 ரிங்கிட் அறைக்கு ஆண்டு வாடகை 7,200. தீர்வை 29 ரிங்கிட். பிரதி ஒன்றுக்கு 10 ரிங்கிட். இரண்டு பேர் பனானா லீஃப் சாப்பிடும் காசு. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் அபராதத்தோடு கட்டலாம்.

என் ஸ்தாப்பாக் அண்ணன் மேல் நான் வழக்குப் போடவில்லை. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, அவர் முழுப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம்.

சித்தி மகள் நேற்று இரவு மறுபடியும் அழைத்தாள். பழைய வங்கிப் பதிவைத் தேடி எடுத்துவிட்டாளாம். பணம் போன கணக்கு வீட்டுக்காரருடையதும் இல்லை, கூட இருக்கும் இருவருடையதும் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்து போன பெண்ணுடையது. அப்படியானால் அவள் வாங்கியிருப்பது ஒரு பங்கு. அடுத்து வருகிறவளிடம் விற்றுவிட்டுத்தான் கிளம்ப முடியும். "அறை வாடகைக்கு" என்று அறிவிப்புப் போடச் சொன்னேன். போடுவதற்கு முன் அலமாரியை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன்.

"அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும் அக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன்.